அழிக்காமல் விட்டது

எலியாஸின் போனில் மெமரி நிரம்பிவிட்டது. ஒரு போட்டோகூட எடுக்க முடியவில்லை, பழையதைப் பார்த்து அழித்துக் கொடுங்கள் என்று ஷூ கம்பெனியின் மதிய இடைவேளையில் ஓடி வந்து முஸம்மிலின் ரிப்பேர் கடை மேஜைமேல் வைத்தான். கட்டிங் செக்‌ஷனில் வேலை. விரல் நுனிகளில் தோல் தூள் அப்பியிருந்தது. முஸம்மில் மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவிட்டு, புளூடூத் வழியாக வந்து குவிந்திருந்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். ஞானப்பாட்டு, இருக்கட்டும். கிரிக்கெட், வேண்டாம். பத்தாவதோ பதினொன்றாவதோ ஒரு வீடியோ. அதற்கு ஆம்பூரின் பெயரையும் கூடவே ஓர் அசிங்கமான ஆங்கில வார்த்தையையும் வைத்திருந்தார்கள். திறந்ததும் ஒரு பச்சைச் சுவரும், அதில் மாட்டிய காகிதப் பூச்சரமும் தெரிந்தன. அந்தச் சுவரைப் பார்த்ததுமே, ஆள் வருவதற்கு முன்பே, முஸம்மிலுக்கு அது எந்த வீடியோ என்று புரிந்துவிட்டது. அடுத்து யார் வருவாள், எந்தப் பக்கத்திலிருந்து வருவாள், எந்த இடத்தில் சிரிப்பாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"எல்லார்கிட்டயும் இருக்குது பாய். நேத்து லன்ச்ல ஒருத்தன் அனுப்பிச்சான். உங்க ஆளுங்க பொண்ணுதானாம், டீச்சராம். அதுவே எடுத்து யாருக்கோ அனுப்பிச்சிதுன்னு பேசிக்கிறாங்க."

முஸம்மில் பொத்தானை அழுத்தினான். வீடியோ போய்விட்டது.

"ஐயே, இன்னா பாய், கேக்காமயே அழிச்சிட்டீங்க?"

"எடம் வேணும்னியே."

எலியாஸ் போன பிறகும் அவன் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. லுஹர் தொழுகைக்கான பாங்கு ஒலித்து அடங்கியது. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. காமிரா வைத்த போன் ஊரில் பரவத் தொடங்கி, அவனுடைய சின்ன ரிப்பேர் கடைக்கு நல்ல பெயர் வந்திருந்த காலம். பெண்கள் நம்பிக் கொடுக்கும் கடை என்பதுதான் அந்தப் பெயர். மூன்று வாரத்துக்கு முன்பு பில்கிஸ் தன் தகப்பனார் நிசார் அஹமதோடு வந்ததும் அந்தப் பெயரைக் கேட்டுத்தான். அவர் டேனரியில் தோல் தரம் பிரிப்பவர். அவள் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பவள். வாணியம்பாடியில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. போன் திறக்காமல் பாதியில் நின்றுபோகிறது என்றாள். சாஃப்ட்வேர் புதிதாக ஏற்ற வேண்டும் என்று அவன் சொன்னதும், "உள்ள இருக்கறதெல்லாம் போயிடுமா பாய்? எங்க காலா, எங்கம்மாவோட தங்கச்சி, அவங்க பொண்ணோட மெஹந்தி ஃபங்ஷன் போட்டோ, வீடியோ எல்லாம் அதுலதான் இருக்குது. போகாம பாத்துக்கோங்க" என்று மட்டும் கேட்டாள். "என் பொறுப்பும்மா" என்று அவன் சொன்னான்.

போனில் இருந்ததையெல்லாம் முதலில் கடைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைப்பது வழக்கம். எடுத்தது சரியாக வந்திருக்கிறதா என்று ஒன்றைத் திறந்து பார்ப்பதும் வழக்கம். மூன்று விநாடி ஓடினால் போதும், தெரிந்துவிடும். அன்று பிற்பகல் கடையில் யாருமில்லை. பெண்கள் மட்டும் கூடியிருக்கும் ஓர் அறை. துப்பட்டா இல்லாமல், பின்னலில் மல்லிகையோடு பில்கிஸ் வந்தாள். இடுப்பில் கை வைத்து யாரோ ஒரு கிழவியைப் போல நடந்து காட்டினாள், இரண்டு சுற்று ஆடினாள், பக்கத்திலிருந்தவளின் தோளில் விழுந்து சிரித்தாள். நாற்பத்தெட்டு விநாடி. அதில் தப்பாக ஒன்றுமில்லை. யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் ஒருத்தி இருக்கும் விதம், அவ்வளவுதான். அதுதான் அவனை நிறுத்தி வைத்தது. முழுவதும் பார்த்தான். மறுபடி ஒரு தடவை பார்த்தான். மறுநாள் போனைச் சரிசெய்து கொடுத்தபோது அவள் நன்றி சொன்னாள். கொடுத்த அன்றே கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிடுவான். எத்தனையோ பேருடையதை அப்படி அழித்திருக்கிறான். இதை நாளைக்கு என்று விட்டான். ஏன் விட்டான் என்று அப்போது தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால், பில்கிஸின் பெயரோடு அது அப்படியே இருந்தது.

ஷபீ அஹமது வேலூரிலிருந்து உதிரி பாகங்களோடு மூன்று மணிக்கு வந்தான். முஸம்மிலின் மனைவி புஷ்ராவின் தம்பி, கடையில் கூட்டாளி. பையைக் கீழே வைப்பதற்குள் முஸம்மில் அந்த வீடியோவைப் பற்றிக் கேட்டுவிட்டான். மறுப்பான் என்று நினைத்திருந்தான். ஷபீ மறுக்கவில்லை.

"ஒரே ஒருத்தனுக்குத்தான் அனுப்பினேன் தூல்ஹாபாய், சத்தியமா. தோஸ்த்துன்னு நம்பினேன். அவன் இப்டி பண்ணுவான்னு…"

அக்காள் கணவனை அவன் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவது. இன்று அந்தச் சொல் காதில் குத்தியது.

"கஸ்டமரோடத நீ ஏன் தேடி எடுத்த?"

"தேடவே இல்ல. பிளேயரத் தொறந்தா கடைசியா ஓடினது மேல வந்து நிக்கும் இல்ல? இதுதான் நின்னுச்சு." ஷபீ தலையைக் குனிந்தபடியே சொன்னான். "நான் தொறக்கறதுக்கு முன்னாடியே யாரோ பாத்திருந்தாங்க."

அடிக்க ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று முஸம்மிலுக்குத் தெரியவில்லை. மேஜைமேல் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தான்.

கம்ப்யூட்டரில் இருந்ததை முஸம்மில் அழித்துவிட்டான். அதனால் எதுவும் அழியவில்லை. இரண்டே நாளில் யாரோ அந்த வீடியோவிலிருந்து ஒரு படத்தைப் பிடித்து, நெட்டில் அவள் பெயரில் ஒரு பக்கம் திறந்து, வீட்டு டெலிபோன் நம்பரையும் போட்டுவிட்டார்கள். முஸம்மில் பிரவுசிங் சென்டரில் தடுப்புப் பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்து, இந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினான். உங்கள் கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. மறுநாளும் போனான். பக்கம் இருந்தது, கீழே கருத்து எழுதியவர்கள் கூடியிருந்தார்கள். தொழுகையில் நின்றால் எத்தனையாவது ரக்அத் என்பது மறந்துபோயிற்று. கடையில் யார் போனைக் கொடுத்தாலும் முதலில் அதில் அந்தப் பச்சைச் சுவர் இருக்கிறதா என்று தேடினான். எட்டுப் போன்களில் இருந்தது. ஒன்று, பள்ளிவாசலில் தன் பக்கத்தில் நின்று தொழுகிறவருடையது.

வெள்ளிக்கிழமை ஜும்மாவில், தொழுகை நடத்தும் ஹஜ்ரத் செல்போனைப் பற்றிப் பேசினார். யார் பெயரையும் சொல்லவில்லை. பெண் பிள்ளைகள் கையில் காமிராவைக் கொடுத்தது யார், ஹயா என்கிற வெட்கம் எங்கே போயிற்று, பெற்றவர்கள் கியாமத் என்னும் தீர்ப்பு நாளில் என்ன பதில் சொல்வார்கள் என்று கேட்டார். மூன்றாவது வரிசையில் நிசார் அஹமது உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் இருந்த தலைகள் அவர் பக்கம் கொஞ்சமாகத் திரும்பி, திரும்பாததுபோல நேரே நின்றன. அவர் பாயில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கோரையைப் பிடுங்க முயன்றுகொண்டிருந்தார். அது வரவில்லை. விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். முஸம்மில் அந்த விரல்களைப் பார்த்தான். தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் முதல் ஆளாக வெளியே வந்தான்.

வீட்டில் புஷ்ரா சாப்பாடு எடுத்து வைத்தாள். அவன் தட்டைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னான். தம்பியின் பெயரைச் சொன்ன இடத்தில் அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"நீங்க எவ்ளோ நேரம் பாத்தீங்க?"

தம்பியைப் பற்றித்தான் கேட்பாள் என்று எண்ணியிருந்தவன் தட்டைத் தள்ளிவைத்தான். "முழுசா."

"ஒரு வாட்டியா?"

"ரெண்டு."

அவள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது முகம் காய்ந்திருந்தது. "அந்தப் பொண்ணு வேலைக்குப் போறத நிறுத்திட்டாங்களாம். போன வாங்கி பீரோல வச்சிப் பூட்டிட்டாங்களாம். வாணியம்பாடிக்காரங்க ஞாயித்துக்கெழம பேச வர்றாங்க. ஊரே அந்தப் பொண்ணத்தான் கேக்குது. மொதல்ல அவங்க வீட்டுக்குப் போங்க." பிறகு, "நானும் வர்றேன். எங்க வீட்டுப் பையன்தானே" என்றாள்.

மாலை அஸர் தொழுகை முடிந்து போனார்கள். நிசார் அஹமது கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவே திரை தொங்கியது. டெலிபோன் ரிசீவரைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். முஸம்மில் மனப்பாடம் செய்து வந்தது எல்லாம் மறந்துபோய், நடந்ததை நடந்தபடியே தடுமாறிச் சொன்னான். தான் பார்த்ததையும் சொன்னான். கிழவர் திட்டுவார், எழுந்து அடித்தாலும் அடிப்பார் என்று தோளை இறுக்கி வைத்திருந்தான். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். முப்பது வருடம் தோலைத் தடவித் தடவிக் காய்த்துப்போன கை.

"ஒருத்தரோட குறைய மறைக்கறவனோட குறைய அல்லா மறைப்பான்" என்றார். "நான் மன்னிச்சிட்டேன் தம்பி. போங்க. வெளிய பேசாதீங்க. பேசப் பேசப் பெருசாவும். கொஞ்ச நாள்ல அடங்கிடும்."

முஸம்மிலின் உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. அப்படி இறங்கியதை உணர்ந்ததும் வெட்கம் வந்தது. ஆனாலும் எழுந்துகொள்ளத்தான் கால்கள் பார்த்தன.

"யாரோட குறைய மறைக்கணும் அப்பா?"

குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. திரையை ஒதுக்கிக்கொண்டு பில்கிஸ் வெளியே வந்தாள். தலையில் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றியிருந்தாள். முஸம்மில் தரையைப் பார்த்தான்.

"நீ உள்ள போம்மா."

"நான் இன்னா குறை செஞ்சேன்? பொம்பளைங்க மட்டும் இருந்த ரூம்ல இருந்தேன். கெட்டுப்போன போன ரிப்பேருக்குக் குடுத்தேன். மறைக்கறது அவரோட குறையத்தானே? அத மறைச்சா என்னோடதுன்னுதானே ஊர் சொல்லும்?" அவள் மூச்சு வாங்கினாள். "அப்புறம், மன்னிச்சிட்டேன்னு சொல்றீங்க. உங்களுக்கா செஞ்சாங்க? எனக்கு செஞ்சாங்க. அது என்னோட ஹக்கு, என் உரிமை அப்பா. நான் மன்னிக்காம அல்லாவே மன்னிக்க மாட்டான்னு நீங்கதானே எனக்கு ஓதிக் குடுத்தீங்க."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"நான் இன்னாம்மா செய்யணும்?" என்று முஸம்மில் தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"ஜும்மாவுல என்னப் பத்திப் பேசினாங்களே. அதே எடத்துல நின்னு நீங்க சொன்னத திரும்பச் சொல்லுங்க."

அந்த வாரம் அவன் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. சாலையில் யாராவது சலாம் சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமையும் இவர் சொல்வாரா என்று தோன்றியது. ஷபீ ஒருநாள் காலையில் வந்து காலைப் பிடித்தான். மறுநாள் பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டான். வாணியம்பாடிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து டீயை மட்டும் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். முஸம்மில் ஹஜ்ரத்தைத் தேடிப் போனபோது அவர் மதரஸா அறையில் தனியாக இருந்தார். ஐம்பது வயது, கோபக்காரர் என்று பெயர். முழுவதும் கேட்டுவிட்டு, "பள்ளிவாசல்ல நின்னு இதெல்லாம் பேசினா நல்லாவா இருக்கும் முஸம்மில் பாய்? கடை இன்னாவாகும்? பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க" என்றார்.

"பேசினதும் அங்கதானே ஹஜ்ரத்."

ஹஜ்ரத்தின் முகம் சுருங்கியது. அவர் கோபப்படப் போகிறார் என்று நினைத்தான். அவர் அலமாரியிலிருந்து குர்ஆனை எடுத்து, சூரா நூர் என்ற அத்தியாயத்தைப் பிரித்து, முன்பே நன்றாகத் தெரிந்த பக்கத்தை முதல் தடவை பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். "பார்வையத் தாழ்த்திக்கோங்கன்னு இதுல மொதல்ல ஆம்பளைங்களுக்குத்தான் சொல்லியிருக்கு. பொம்பளைங்களுக்கு அடுத்த ஆயத்து" என்றார் மெதுவாக. "அன்னிக்கு நான் அடுத்த ஆயத்துலேருந்து ஆரம்பிச்சிட்டேன்." வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், யாரும் எழ வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அந்த ஆயத்தை ஓதி, அன்றைக்குத் தான் விட்டதைச் சொல்லி, முஸம்மிலைக் கூப்பிட்டார்.

மைக் இல்லாமலே பேசினான். முதல் வரி தனக்கே கேட்கவில்லை; பின்னாலிருந்து யாரோ சத்தமாகப் பேசச் சொன்னார்கள். "ஊருல சுத்துதே ஒரு வீடியோ, அது என் கடையிலேருந்து போச்சு. அந்தப் பொண்ணு யாருக்கும் அனுப்பல. ரிப்பேருக்கு என்கிட்ட அமானிதமா நம்பிக் குடுத்தாங்க. நான் பாத்தேன். பாக்கத் தேவையில்ல, பாத்தேன். அழிக்காம வச்சேன். என் கூட்டாளி எடுத்து அனுப்பினான்." யாரோ இருமினார்கள். "உக்காருய்யா, பள்ளியில வந்து…" என்று ஒரு குரல் எழுந்தது. இன்னொன்று அதை அடக்கியது. "அந்தப் பொண்ணுக்கு நான் கடன்பட்டவன். என்னைய இன்னா வேணா சொல்லுங்க. உங்க போன்ல இருந்தா அழிச்சிடுங்க. நீங்களும் பாத்திருந்தா, அவங்ககிட்ட உங்களுக்கும் கடன் இருக்குது."

வெளியே முற்றத்தில் வெயில் கொளுத்தியது. செருப்பைத் தேடாமல் சிலர் தூண் ஓரமாக நின்று, போனை உள்ளங்கையால் மறைத்து, பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தார்கள். சிலர் அவன் பக்கம் பார்க்காமல் வேகமாகப் போனார்கள். ஒருவர் அவன் காலடியில் துப்பிவிட்டுப் போனார்.

கடைக்கு அதன்பிறகு பெண்கள் வரவில்லை. ஆண்களும் போனைக் கொடுக்கும்போது மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பில்கிஸைத் திங்கள்கிழமை வரச் சொன்னார்கள் என்று புஷ்ரா சொன்னாள். வாணியம்பாடிக்காரர்கள், பெண்மேல் தப்பில்லைதான், ஆனாலும் வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்களாம். நிசார் அஹமது பத்து நாள் யாரிடமும் பேசவில்லையாம். பிறகு ஒருநாள் பில்கிஸே புஷ்ராவிடம் சொல்லி அனுப்பினாள். பள்ளிவாசலில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது சரி, நெட்டில் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறது. வேலூர் போய்ப் போலீஸில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். யார் எடுத்தது, யார் அனுப்பியது என்று உங்கள் வீட்டுக்காரர் வந்து எழுதிக் கையெழுத்துப் போடுவாரா?

புறப்படுகிற காலையில் புஷ்ரா சட்டையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தாள். மூன்று வாரமாக அவனிடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசாதவள், பொத்தானை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்தபடி சொன்னாள்: "அவன் பேர சரியா எழுதுங்க. எங்க அப்பா பேரோட எழுதுங்க. ஊருல வேற எந்த ஷபீயும் மாட்டிக்கக் கூடாது." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேலூர் பஸ்ஸில் நிசார் அஹமது முன்பக்கம் மகளோடு உட்கார்ந்துகொண்டார். முஸம்மிலுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. சத்துவாச்சாரியில் இறங்கிப் போலீஸ் அலுவலகத்துக்கு நடந்தபோதும் அவர்கள் முன்னால், இவன் பின்னால். உள்ளே சவுரியம்மாள் என்று பெயர் குத்தியிருந்த ஏட்டம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பில்கிஸைப் பார்த்து, "பேர் போடாமயும் எழுதலாம்மா. அப்பா பேர்ல குடுக்கலாம். கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணு, யோசிச்சிக்கோ" என்றார்.

"என் பேர் எல்லா எடத்துலயும் போட்டுட்டாங்க மேடம். இதுலயும் இருக்கட்டும்."

ஏட்டம்மா இரண்டு வெள்ளைத் தாள்களை எடுத்துவந்து, ஆளுக்கொன்றாகத் தந்தார். அங்கே ஒரே ஒரு மேஜை. பில்கிஸ் ஒரு பக்கம் உட்கார்ந்தாள். அவன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். நிசார் அஹமது ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவைத் திறந்த முஸம்மில், இவ்வளவு நாள் கேட்காத மன்னிப்பைத் தாளைப் பார்த்தபடி கேட்டான்.

"மாஃப் பண்ணுவீங்களாம்மா?"

"இன்னும் இல்ல பாய்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கைப் போட்டு முடிக்காத பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

அவன் தன் பெயரை எழுதினான், தகப்பன் பெயரை எழுதினான், கடை இருக்கும் தெருவை எழுதினான். ஷபீயின் பெயருக்கு வந்தபோது பேனா நின்றது. மேஜையின் ஒரு கால் குட்டை. எதிரே பில்கிஸ் நிறுத்தாமல், அழுத்தி, வேகமாக எழுதிக்கொண்டே போனாள். ஒரு பக்கம் முடிந்து தாளைத் திருப்பினாள். அவள் எழுதுகிற வேகத்துக்கு மேஜை முழுதும் ஆடியது. அந்த ஆட்டத்தில், முஸம்மில் மறுபடி எழுதத் தொடங்கிய எழுத்துக்கள் ஒவ்வொன்றும் கோணிக்கொண்டு, வரிசையைவிட்டு இறங்கி, நடுங்கி நடுங்கி முன்னால் போயின.